நடுக்குவாதம்: மாத்திரை பாதி, அக்கம்பக்கம் பாதி



உங்கள் லயத்திலோ தாமானிலோ இப்படி ஒரு பெரியவரைப் பார்த்திருப்பீர்கள். முப்பது வருஷம் மரம் வெட்டியவர், உளி பிடிப்பதில் கெட்டிக்காரர் என்று பேர் எடுத்தவர். இப்போது சட்டைப் பொத்தானைப் போடவே அவருக்கு வெகுநேரம் ஆகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு கை மட்டும் எதையோ உருட்டுவதுபோல் நடுங்குகிறது. கடையில் சில்லறையை வாங்கினால் பாதி கீழே கொட்டுகிறது. "காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டாருடா" என்று யாரோ சிரிக்கிறார்கள். மறுநாள் முதல் அவர் கடைக்கு வருவதில்லை. கொஞ்ச நாளில் கோவிலுக்கும் வருவதில்லை.

அவர் குடிக்கவில்லை. அவருக்கு வந்திருப்பது நடுக்குவாதமாக இருக்கலாம். டாக்டர்கள் இதைப் பார்க்கின்சன் நோய் என்பார்கள். ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் வைத்தியர் 1817-இல் ஆறு பேரைப் பற்றி எழுதி இந்த நோயை உலகுக்குக் காட்டினார். அந்த ஆறு பேரில் சிலரை அவர் தெருவில் பார்த்துத்தான் அறிந்துகொண்டார். அப்படியென்றால் தினமும் வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைப் பார்க்கும் நமக்கும் இது கண்ணில் பட வேண்டும் அல்லவா?

நோய் என்ன செய்கிறது? மூளையில் டோப்பமின் என்ற ஒரு பொருளை உண்டாக்கும் அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. பெரட்டில் பேர் கூப்பிட்டால்தானே ஆள் வேலைக்குப் போவார்? டோப்பமின் அந்தக் குரல் மாதிரி. குரல் மங்கிப்போனால் கையும் காலும் உத்தரவு கேட்காமல் நின்றுவிடும். வேலை மெதுவாகும், உடம்பு விறைக்கும். நடக்கும்போது ஒரு கை வீசாது. கையெழுத்து சிறுத்துப் போகும். முகத்தில் சிரிப்பு தெரியாது, குரல் தணிந்துவிடும். சிலருக்குப் பல வருஷம் முன்பே வாசனை தெரியாமல் போவதும், மலச்சிக்கலும், தூக்கத்தில் கத்திக் கை காலை உதறுவதும் இருந்திருக்கும். எல்லாருக்கும் நடுக்கம் வரும் என்றும் நினைக்காதீர்கள். நடுக்கமே இல்லாமல் விறைப்பு மட்டும் வருகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு வருகிறது. 40-க்கு முன்னால் வந்தவர்களும் இருக்கிறார்கள்.

இது தொற்றாது. செய்வினையும் இல்லை. பூசாரியிடம் கயிறு கட்டிக்கொள்வதை நான் தடுக்கவில்லை. ஆனால் கயிறு கட்டின கையோடு கிளினிக் கெசிஹாத்தானுக்கும் போய்விடுங்கள். அங்கிருந்து மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வாங்கலாம். கை நடுக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு, அதைப் பிரித்துச் சொல்ல டாக்டர்தான் வேண்டும்.

நோயை அடியோடு போக்க இன்னும் மருந்து இல்லை. ஆனால் 1960-களில் வந்த லெவோடோப்பா மாத்திரை குறைந்துபோன டோப்பமினை ஈடுகட்டி, முடங்கினவரை எழுந்து நடக்க வைக்கிறது. இதில் நேரம்தான் முக்கியம். எட்டு மணி மாத்திரையைப் பத்து மணிக்குச் சாப்பிட்டால் நடுவில் அவர் மரம்போல உட்கார்ந்துவிடுவார். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு விழுங்குவது நல்லது, கறி மீன் முட்டையோடு சேர்ந்து போனால் மருந்து சரியாக ஏறாது. கறி மீனை விட வேண்டாம், நேரத்தைத் தள்ளி வைத்தால் போதும். மாத்திரையைத் தானாகத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. வாந்திக்கு வேறு டாக்டரிடம் போனால் "எனக்கு நடுக்குவாதம் இருக்கு" என்று முதலில் சொல்லுங்கள், சில வாந்தி மருந்துகள் இந்த நோயை மோசமாக்கும். பூனைக்காலி விதையிலும் லெவோடோப்பா உண்டு என்பது உண்மைதான். அதற்காக அளவு தெரியாமல் வீட்டில் இடித்துச் சாப்பிடாதீர்கள்.

மாத்திரை செய்யும் வேலை இவ்வளவு. மீதி வேலை நம்முடையது.

இன்னும் வேலைக்குப் போகிறவராக இருந்தால் மாத்திரை நேரத்தில் இரண்டு நிமிஷம் நிற்க விடும்படி மண்டோரிடம் கிளைத் தலைவர் பேசலாம். நடந்துகொண்டே இருக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் அவர் நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். "ஒண்ணு, ரெண்டு" என்று தாளமாக எண்ணுங்கள். அல்லது உங்கள் காலை அவருக்கு முன்னால் குறுக்கே வைத்து, "இதைத் தாண்டி வாங்க பெரியப்பா" என்று சொல்லுங்கள். பலருக்குக் கால் கிளம்பிவிடும். உறுமி மேளச் சத்தம் கேட்டால் நடை சீராகிறவர்களும் உண்டு. தாளம் மூளைக்கு வேறொரு வழியில் உத்தரவு கொடுக்கிறது. நீளக் கைலி, தேய்ந்த சிலிப்பர், ஈரக் குளியலறை, இந்த மூன்றும் எதிரிகள். சாப்பிடும்போது நிமிர்ந்து உட்கார வையுங்கள், அவசரப்படுத்த வேண்டாம்.

அவரைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவை நாம் மறந்துவிடுகிறோம். இரவில் நாலு முறை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, காலையில் செம்பனைக் காட்டுக்குப் போகிறவள் அவள். "சாயங்காலம் ஒரு மணி நேரம் நான் இருக்கேன் அக்கா, நீங்க போய் தூங்குங்க" என்று ஒருத்தி சொன்னால் அது பெரிய உதவி. லயத்தில் இருந்தபோது சுவருக்குச் சுவர் ஆள் இருந்தார்கள், கூப்பிட்டால் வந்தார்கள். இப்போது ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா தாமான்களில் கேட்டைப் பூட்டிக்கொண்டு இருக்கிறோம். வீடு சொந்தமாகியது நல்லதுதான்.

1994-இல் கோலாலம்பூரில் மலேசியப் பார்க்கின்சன் நோய்ச் சங்கம் தொடங்கியது. நோயாளிகளும் குடும்பத்தாரும் கூடி உடற்பயிற்சி, தாய் சி, பாட்டு என்று செய்கிறார்கள். மும்பையில் 2001-இல் தொடங்கிய சங்கம் இந்தியாவில் பல ஊர்களில் இதே போலக் குழுக்களை நடத்துகிறது, கட்டணம் இல்லை. ஆனால் ஆசகானிலிருந்து ஒரு நோயாளி வாராவாரம் கோலாலம்பூருக்குப் போய்வர முடியுமா? கோவில் மண்டபமோ, சங்கக் கிளை அறையோ நமக்குப் போதும். வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம். கையை வீசி நடப்பது, உரக்கப் பாடுவது, பெரிய எழுத்தில் எழுதிப் பழகுவது. உரக்கப் பாடுவது தணிந்த குரலுக்கு நல்ல பயிற்சி. செங் சன்னாசிமலை மாசி மகத்துக்கும் அவர்களைக் கூட்டிப் போங்கள், கூட்டம் குறைந்த வேளையில்.

இன்னொரு விஷயம், இதைச் சங்கம்தான் பேச வேண்டும். பல வருஷம் முதுகில் பம்பைச் சுமந்து களைக்கொல்லி அடித்தவர்கள் நம் பெண்கள். 2002-இல் தெனாகனித்தா வெளியிட்ட ஆய்வு, மருந்தடிக்கும் பெண்களின் உடல்நிலையை நாட்டுக்குச் சொன்னது. அதே ஆண்டு பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்த அரசாங்கம் முடிவு செய்தது, 2006-இல் அதைத் தளர்த்தியது, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் தடை வந்தது. 2011-இல் அமெரிக்காவில் வந்த ஆய்வில், பாராகுவாட்டைப் பயன்படுத்தினவர்களுக்கு நடுக்குவாதம் சுமார் இரண்டரை மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. இந்தத் தொடர்பு முழுக்க நிரூபணமாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன், இன்னும் வாதம் நடக்கிறது. ஆனால் பிரான்ஸ் 2012-இலேயே பூச்சிமருந்தில் உழைத்த விவசாயிகளின் நடுக்குவாதத்தைத் தொழில் நோய் என்று ஏற்றுக்கொண்டது. ஆகவே டாக்டரிடம் போகும்போது எந்தத் தோட்டத்தில், எத்தனை வருஷம், என்ன மருந்து அடித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அதன் நகல் ஒன்றைக் கிளையிலும் வையுங்கள். வேலை செய்ய முடியாத நிலை வந்தால், 60 வயது நிறையும் முன்பே பெர்கேசோவில் இயலாமை ஓய்வூதியத்துக்கு மனுப் போட வேண்டும். "வயசானா பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டால் கை நழுவிப் போகும்.

உலகப் பார்க்கின்சன் நாள் ஏப்ரல் 11. ஜேம்ஸ் பார்க்கின்சன் 1755-இல் பிறந்த நாள் அது. முதல் கூட்டத்தை அன்றைக்கே வைக்கலாம். காலை மாத்திரை வேலை செய்யும் நேரமாகப் பார்த்து வையுங்கள், மேடைப் பேச்சு வேண்டாம். நாற்காலி போடுகிற பிள்ளைகளிடம் கைப்பிடி உள்ள நாற்காலியாகக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து இவர்களால் எழுந்திருக்க முடியாது.