பிழை நோட்டா, கிழிந்த நோட்டா?

1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் சீனன்குடாவிலே குண்டு போட்டன. அந்த யுத்த வருஷத்தில் சில்லறைத் தட்டுப்பாடு. அதனால் அரசாங்கம் 5 சத நோட்டு அடித்தது, நடுவே துளைவரிசை. கிழித்தால் ஒரு துண்டு 2 சதம், மற்றது 3 சதம். அந்தத் துண்டைக் காட்டி, "அச்சுப் பிழை" என்று சொன்னா நம்பாதீங்க.

உண்மையான பிழை அச்சகத்திலேயே நேர்வது: இரண்டு இடத்து இலக்கமும் ஒத்திருக்காது, மை விடுபட்டிருக்கும், வெட்டு கோணலாயிருக்கும்.

நாம் மலிவாகச் சேர்க்க ஒரே வழி, சம்பளக் காசைப் பார்த்து எண்ணுவதுதான். அகப்பட்டால் மடிக்காமல் புத்தகத்துக்குள் வையுங்கள். தீபாவளி முற்பணத்தைக் கொட்டி வாங்காதீங்க.

நாமே அழித்து, வெட்டிப் பிழை உண்டாக்குவது குற்றம். வேண்டுமென்றே சிதைத்த நோட்டை 2018 மார்ச் 31க்குப் பிறகு மத்திய வங்கி மாற்றித் தருவதில்லை. உள்ள காசும் போய்விடும்.