நேட்டால் கப்பல் பட்டியல்களில் முன்னோரைத் தேடுதல்

சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள டர்பனை அடைந்தது முதல் 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக, அதாவது குறித்த ஆண்டுகளுக்கு ஒரே முதலாளியிடம் வேலை செய்யக் கட்டுப்பட்டவர்களாக, நேட்டாலுக்குச் சென்ற இந்தியர் 1,52,184 பேர் ஆவர். அவர்களுள் பெரும்பான்மையோர் சென்னையில் கப்பலேறியவர்கள். இவர்களின் வழித்தோன்றல்கள் குடும்ப வரலாற்றைத் தேடத் தொடங்கும்போது, பெரும்பாலும் புகழ்பெற்ற பெயர் ஒன்றையே முதலில் பற்றிக்கொள்கின்றனர்.

அவ்வாறு பற்றப்படும் பெயர்களுள் தில்லையாடி வள்ளியம்மையின் பெயர் முதன்மையானது. தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய 1913 சத்தியாகிரகத்தில் சிறைப்பட்டு, விடுதலையான சில நாட்களில், 1914 பிப்ரவரி 22 அன்று, பதினாறாம் வயதில் மணமாகாமலே இறந்த அவருக்கு நேர்வழிச் சந்ததி இருக்க வழியில்லை. உடன்பிறந்தார் வழியாகவோ பெற்றோரின் பங்காளிகள் வழியாகவோ மட்டுமே உறவு கோர முடியும். ஆகவே, இத்தகைய குடும்பச் செய்தியைப் பொய்யென்று தள்ளிவிடாமல், எந்தக் கிளையில் எத்தனை தலைமுறைக்கு முன் அது வந்து சேர்ந்தது என்று வினவுவதே பயன் தரும்.

தேடலைத் தம் தாத்தா பாட்டியின் சான்றிதழ்களிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செல்வதே உறுதியான வழியாகும். நாயுடு, பிள்ளை, கவுண்டர் முதலிய பட்டங்கள் இன்று தென்னாப்பிரிக்காவில் குடும்பப் பெயர்களாக வழங்கினாலும், கப்பலேறியோரைப் பதிவு செய்த கப்பல் பட்டியலில் ஒருவர் பெரும்பாலும் ஒற்றைப் பெயராகவே, அதுவும் எழுத்தர் காதில் விழுந்தவாறே பதிவாகியிருப்பதால், பெயரைவிட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வழங்கப்பட்ட குடியேற்ற எண்ணே நம்பத்தக்கது. அந்த எண்ணுக்கு எதிரே தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர் ஆகியவற்றோடு உடல் அடையாளமும் எழுதப்பட்டிருக்கும். இடது முழங்காலில் ஒரு தழும்பு என்று அதில் காணும்போது, அதுவரை வெறும் பெயராக இருந்த முன்னோர் உடலும் வலியும் உள்ள மனிதராகிவிடுகிறார். இப்பட்டியல்களில் இதற்கு ஈடான பத்தி வேறில்லை.

குடும்பங்கள் மறைத்துவைத்த கதைகளோ வேறு கோப்புகளில் உள்ளன. 1894-இல் பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளி, முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, இரத்தம் வடியும் வாயோடு காந்தியிடம் வந்து நின்றது, காந்தி தம் தன்வரலாற்றில் எழுதியதால் உலகறிந்த செய்தியாயிற்று. எழுதுவாரின்றிப் போன பிறருடைய முறையீடுகளைக் குடியேறிகள் காப்பாளரின், அதாவது ஒப்பந்தத் தொழிலாளரைக் கண்காணிக்கவும் அவர்தம் குறைகளைக் கேட்கவும் அமர்த்தப்பட்ட அதிகாரியின், கோப்புகளில் தேட வேண்டும். அவை பீட்டர்மரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அனுமதிச் சீட்டின்றித் தோட்டத்தை விட்டு வெளியேறுவதே குற்றமாக இருந்தமையால், ‘தாத்தா சிறை சென்றவர்’ என்று வீட்டில் தாழ்ந்த குரலில் சொல்லப்படுவது, திருட்டையன்றி, முறையிடுவதற்காக அவர் நடந்த நடையைக் குறிக்கவும் கூடும். வழக்கின் காரணத்தைப் படிக்காமல் தண்டனையை மட்டும் குறித்துக்கொள்வது அம்முன்னோருக்கு இழைக்கும் அநீதியாகும்.

ஊரைக் கண்டறிவதில் மாவட்டப் பெயர் எளிதில் ஏமாற்றும். வட ஆற்காடு என்று பதிவான ஊர், 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானதால் இன்று ஆந்திரத்தில் இருக்கலாம். வேலூர், திருவண்ணாமலை, இராணிப்பேட்டை மாவட்டங்களிலும் இருக்கலாம். ஊர்ப்பெயர் சிதைந்துபோன இடத்தில், பாட்டிமார் காத்துவந்த குலதெய்வத்தின் பெயரும் அதன் எல்லையும் சில வேளைகளில் வழிகாட்டும். அவ்வூருக்கு நேரில் செல்வோர், நிலத்தில் பங்கு கேட்கவே கடல்கடந்த பங்காளி வந்திருக்கிறார் என்ற ஐயம் எழுவது இயல்பே என்பதை உணர்ந்து, சொத்தைப் பற்றி எதுவும் வினவாமல், பட்டியலின் படியை முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் கொடுத்து, அவர்கள் வாசித்து முடிக்கும்வரை காத்திருப்பது நன்று.