இழப்பின் துயரமும் உளநல உதவியும்

இறப்பு நேர்ந்த 21 நாட்களுக்குள் அதனைப் பதிவு செய்தல் வேண்டும் என்பது 1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் அமைந்த நடைமுறை. அடுத்து வாரிசுச் சான்றிதழ், குடும்ப ஓய்வூதியம், காப்பீட்டுத் தொகை, வங்கிக் கணக்கு என ஒவ்வொன்றுக்கும் குடும்பத்தினர் அலுவலகங்களை நாட வேண்டியுள்ளது. உறவினர் கூட்டம் கலைந்த பின்னர், துயருற்றோரை முதலில் சந்திக்கும் வெளியார் பெரும்பாலும் ஓர் அரசு அலுவலரே. ஆகவே, இழப்பின் துயரத்தைப் பற்றியும் அதற்குரிய உதவிகளைப் பற்றியும் அறிந்திருத்தல் அலுவலரின் கடமையோடு தொடர்புடையது.

துயரமும் நோயும்

துயரம் இயல்பானது, அது நோயன்று. பசியின்மை, உறக்கமின்மை, குற்ற உணர்வு, கோபம், எதிலும் நாட்டமின்மை ஆகியன இழப்பைத் தொடர்ந்து தோன்றுவது இயற்கை. உற்றார் துணையாலும் காலத்தின் போக்காலும் பெரும்பாலோர் தேறிவிடுகின்றனர். துயரம் வரிசையான ஐந்து படிகளைக் கடந்து செல்லும் என்பது பரவலான கருத்து. அதற்கு அடிப்படையான எலிசபெத் கூப்ளர்-ராஸின் 1969ஆம் ஆண்டு நூல், மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பற்றியதேயாகும். துயருற்றோர் அனைவரும் அவ்வரிசையிலேயே செல்வர் என்பதில்லை.

எனினும் சிலரிடம் துயரம் தணியாது நீடிக்கிறது. 2022 முதல் நடைமுறையிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய் வகைப்பாடு, இதனை 'நீடித்த துயரக் கோளாறு' எனக் குறிப்பிடுகிறது. மறைந்தவரைப் பற்றிய ஏக்கமோ நினைவோ ஆறு மாதங்களுக்கு மேலாக விடாது பற்றி, அன்றாட வாழ்வையே முடக்குமாயின் அது இவ்வகையில் அடங்கும். இக்கால அளவைக் கணிக்கும்போது அந்தந்தச் சமுதாயத்தின் துக்க மரபையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்பது குறிப்பிடத்தக்கது. ஓராண்டு துக்கம் காக்கும் குடும்பத்தை நோயுற்ற குடும்பம் எனக் கொள்ளுதல் தவறு. அதேபோன்று, "எல்லாம் விதி" என்ற ஒரு சொல்லால் உண்மையான வேதனையை மூடிவிடுதலும் தவறு.

பேரிடர்கள் தந்த பாடம்

1984 டிசம்பரில் போபாலில் நிகழ்ந்த நச்சுவாயுக் கசிவுக்குப் பின்னர், பாதிக்கப்பட்டோரின் மனநலத் தேவைகளைக் கவனிக்குமாறு பொது மருத்துவர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. 1999ஆம் ஆண்டு ஒடிசா புயல், 2001ஆம் ஆண்டு குஜராத் நிலநடுக்கம், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை ஆகியவற்றின்போது இம்முறை மேலும் விரிவடைந்தது. பெங்களூரிலுள்ள தேசிய மனநல மற்றும் நரம்பியல் நிறுவனம், உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சியளித்து உளநல ஆதரவுப் பணியில் ஈடுபடுத்தியது. பொறுமையாகச் செவிமடுத்தல், நிவாரணம் பெற வழிகாட்டுதல், தனித்துவிடப்பட்டோரைக் கூட்டத்தில் சேர்த்தல், மருத்துவ உதவி தேவைப்படுவோரை அடையாளம் காணுதல் ஆகியன அத்தகைய பணிகளாகும். முதல் உதவியை மருத்துவரே அளிக்க வேண்டும் என்பதில்லை என்பதை இவ்வனுபவங்கள் உணர்த்தின.

உதவி கிடைக்குமிடம்

தேசிய மனநலத் திட்டம் 1982இல் தொடங்கப்பெற்றது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் மேற்கொள்ளப்பட்ட முன்னோடி முயற்சியை அடியொற்றி, 1996 முதல் மாவட்ட மனநலத் திட்டம் செயற்படுகிறது. மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவே எளிய குடும்பத்தினர் முதலில் அணுகத்தக்க இடம். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பெற்ற டெலி-மனாஸ் சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் ஆலோசனை கிடைக்கும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசு நிதியுதவி பெறும் மனநலச் சேவையைப் பெறுதலைக் குடிமக்களின் உரிமையாக்கியுள்ளது.

ஆயினும் பற்றாக்குறை பெரிது. 2015-16ஆம் ஆண்டு தேசிய மனநல ஆய்வின்படி, மனநலக் கோளாறு உடையோரில் 70 முதல் 92 விழுக்காட்டினர் உரிய சிகிச்சை பெறவில்லை. இவ்விகிதம் கோளாறின் வகைக்கேற்ப மாறுபடுகிறது. இவ்விடைவெளியில் தகுதியற்றோரும் நுழைய இடமுண்டு.

தேர்ந்தெடுக்கும் முறை

மனநல மருத்துவர் என்பார் மருத்துவப் பட்டமும் மனநலத்தில் மேற்படிப்பும் பெற்றவர். மருந்து எழுதித் தரும் அதிகாரம் உடையவர். மருத்துவ உளவியலாளர் உரையாடல் வழிச் சிகிச்சை அளிப்பவர். இவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். 'ஆலோசகர்' என்ற பெயரைப் பலரும் சூட்டிக்கொள்வதால் அவர்தம் கல்வியையும் பயிற்சியையும் கேட்டறிதல் அவசியம்.

முதற் சந்திப்பிலேயே சில வினாக்களைத் தயக்கமின்றிக் கேட்கலாம். இழப்பால் துயருற்றோருக்கு உதவிய அனுபவம் உண்டா? தாய்மொழியில் பேச இயலுமா? கட்டணம் எவ்வளவு? கூறுவது எந்நிலையில் மறைவாகக் காக்கப்படும்? சில சந்திப்புகளுக்குப் பின்னரும் மனம் திறந்து பேச இயலாவிடில் வேறொருவரை நாடுதலில் பிழையில்லை. மறைந்தவரோடு தானும் போய்விட வேண்டும் என்ற எண்ணம் ஒருவரிடம் தென்படின் காத்திருத்தல் கூடாது. அவரைத் தனியே விடாது, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

அலுவலர் செய்யத்தக்கது

சான்றிதழ் கேட்டு வரும் விதவைப் பெண்ணை நான்கு முறை அலையவிடாது, ஒரே முறையில் தேவையான படிவங்களை விளக்குதலும் ஓர் உளநலச் சேவையே. அமர இருக்கை அளித்து, மறைந்தவரின் பெயரைச் சொல்லி வினவி, உதவி எண்ணை ஒரு தாளில் எழுதித் தருவதற்குத் தனி நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. திட்டங்கள் மாவட்டத் தலைநகர் வரை வந்துள்ளன. அங்கிருந்து துயருற்றோரின் இல்லம் வரையுள்ள தொலைவைக் குறைப்பது இத்தகைய பணிகளே.