காசு கொடுக்கிறது கடைசியில, தங்கச்சி!

தங்கச்சி, தெருநாய்க்கும் பூனைக்கும் ஓடியாடுறவங்களுக்கு, நாய் வளர்க்குற நீயும் உங்க ஊர்க் கால்நடை டாக்டரும் என்ன உதவி செய்யலாம்னு கேட்டிருந்தே. ‘ஜிபே நம்பர் கொடுங்க, ஐநூறு அனுப்பிடுறேன்’னு சொல்றது ரொம்ப சுலபம். அதைக் கடைசியில வச்சுக்குவோம். அதுக்கு முந்தி செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கு, பாதிக்குச் செலவே கிடையாது.

வீரசோழன், நரிக்குடி, திருச்சுழிப் பக்கத்துல தொண்டுன்னா கட்டடமும் போர்டும் ஆம்புலன்ஸும் கிடையாது, ஆளுங்கதான். அடிபட்ட நாயைச் சாக்குல சுத்தி, டிவிஎஸ் எக்ஸெல்லில் முன்னாடி வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற பசங்க. பள்ளிவாசல் தெருவுல மீன் தலையை வேகவச்சுப் பத்துப் பூனைக்குப் பங்கு போடுற பெரியம்மா. கோடையில வாசல்ல தொட்டி வச்சுத் தண்ணி ஊத்துற கடைக்காரர். இதெல்லாம் ஒரு அமைப்பான்னு நினைக்காதே. சென்னை ப்ளூ கிராஸும் 1959ல, கேப்டன் சுந்தரம், உஷா சுந்தரம்னு விமானம் ஓட்டுன ஒரு தம்பதி வீட்டுலதான் ஆரம்பிச்சது.

அவங்களுக்குப் புது வேலை வைக்காதே

நீ செய்யக்கூடிய பெரிய தானம் இதுதான். பொட்டை நாய் வருஷத்துக்கு ரெண்டு தடவை பருவத்துக்கு வரும். சினை சுமார் 63 நாள். ஈத்துக்கு நாலு, ஆறு, சிலது எட்டுக் குட்டி கூடப் போடும். கடுவன் குட்டியைக் கேட்டு ஆள் வரும். பொட்டைக் குட்டிங்க கண்ணு திறக்கும் முன்னாடியே சாக்குல ஏறி, கண்மாய்க் கரைக்கோ சந்தை வாசலுக்கோ கால்நடை ஆஸ்பத்திரி கேட்டுக்கோ போயிரும். அந்தச் சாக்கை அவிழ்க்குறது யாரு? நீ உதவணும்னு சொல்ற அதே பசங்கதான்.

அதனால உன் வீட்டுப் பொட்டைக்குக் கருத்தடை பண்ணிரு. ஆறு மாசத்தைத் தாண்டுன பிறகு எப்போ பண்ணலாம்னு டாக்டர் பார்த்துச் சொல்லுவார். கிராமத்து மருந்தகத்துல ஆபரேஷன் வசதி இல்லைன்னா எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு அவரே எழுதிக் கொடுப்பார். பூனை இன்னும் வேகம். நாலஞ்சு மாசக் குட்டியே சினையாகிரும், அதுக்குள்ள கேட்டு வச்சுக்கோ. கடுவனை வளர்க்குறவங்க ‘எங்க வீட்டுலயா குட்டி போடுது’ன்னு நழுவுவாங்க. ஊர் முழுக்கச் சுத்துறது அந்தக் கடுவன்தான்.

நம்ம மாவட்டத்துக்கு இன்னொரு பொறுப்பும் இருக்கு. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் நம்ம விருதுநகர் மாவட்டத்து நாய்கள். பெருமைக்காகக் குட்டி வாங்கி, வளர்ந்ததும் ஓட இடமில்லை, தீனி கட்டுப்படியாகலைன்னு அவிழ்த்து விடுறவங்க உண்டு. முயல் விரட்டப் பழக்கி, கால் ஒடிஞ்சதும் கைவிடுறவங்களும் உண்டு. முயல் வேட்டையே 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அது தனிக்கதை. குட்டி விற்குறவங்க வாங்குறவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம்: ‘உனக்கு முடியலைன்னா எங்கிட்டயே திருப்பிக் கொண்டு வா.’

ஊசி போடுறதும் தொண்டுதான்

ஒரு வெறிநாய் நாலு பேரைக் கடிச்சிருச்சுன்னா, அன்னைக்கே ஊர் ரெண்டாகும். சோறு வைக்குறவங்களைத்தான் முதல்ல திட்டுவாங்க. பல வருஷமா அந்தப் பசங்க சேர்த்த நல்ல பேரு ஒரே நாளில போயிரும். நூறு நாயில எழுபதுக்கு ஊசி போட்டிருந்தா நோய் பரவுறது நின்னுரும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஊசி போடாத முப்பதையும் அந்த எழுபது காப்பாத்தும்.

குட்டிக்கு மூணு மாசத்துல முதல் ஊசி, ஒரு மாசம் கழிச்சு இன்னொண்ணு, அப்புறம் வருஷா வருஷம். போட்ட தேதியை அட்டையில எழுதி வாங்கு. நீ போகும்போது தனியாப் போகாதே. பக்கத்து வீட்டு நாயையும், உன் வாசல்ல படுத்துக்கிடக்குற, யாருக்கும் சொந்தமில்லாத அந்தச் செவலையையும் கூட்டிட்டுப் போ. உன் கையில சோறு தின்னுற நாய் உன் பேச்சைக் கேட்கும், வேற யாராவது பிடிச்சா கடிக்கும். ஜூலை 6, செப்டம்பர் 28 நாட்களை ஒட்டிப் பல இடங்கள்ல இலவச ஊசி முகாம் நடக்கும். ரெண்டும் லூயி பாஸ்டரோட நாட்கள். முதலாவது 1885ல அவர் ஒரு சிறுவனுக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடத் தொடங்குன நாள், ரெண்டாவது 1895ல அவர் இறந்த நாள். முகாமுக்கு ஒரு வாரம் முன்னாடியே எந்தத் தெருவுல எத்தனை நாய் இருக்குன்னு ஒரு நோட்டுல எழுதி டாக்டர் கையில கொடு. எத்தனை ஊசி எடுத்துட்டு வரணும்னு அவருக்குத் தெரிஞ்சிரும்.

யாரையாவது கடிச்சா: ஓடுற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு, நேரா ஆரம்ப சுகாதார நிலையம். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். நாய் தூக்குற பசங்க கடி வாங்கும் முன்னாடியே ஊசி போட்டுக்கணும். அதுக்கு நீ அவங்களை இழுத்துட்டுப் போனாலும் புண்ணியம்தான்.

என்ன கொடுக்கலாம்?

கேட்டுட்டுக் கொடு. பழைய பருத்திச் சேலை, வேட்டி, துண்டு, சாக்கு, செய்தித்தாள், ஓட்டையில்லாத பிளாஸ்டிக் தொட்டி எல்லாத்துக்கும் உபயோகம் இருக்கு. நைலான் சேலை வேண்டாம், ஈரத்தை உறிஞ்சாது. வாடை போக பினாயில் வாங்கிக் கொடுக்காதே. பூனை இருக்குற இடத்துல அது விஷம். குருணை அரிசி ஒரு சிப்பம் கொடுத்தா ஒரு மாசம் ஓடும். பிஸ்கட் பாக்கெட் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியா வாங்குறது வாங்குறவங்க மன நிறைவுக்குத்தான். சர்க்கரையும் மைதாவும் நாய் உடம்புக்கு ஆகாது.

உங்க ஊர் ஆட்டுச் சந்தை இருக்குற ஊர்ங்கிறதால கறிக்கழிவைப் பத்தி விலாவாரியாச் சொல்றேன். வெட்டுற இடத்துல மிஞ்சுறதை நாய்க்குத் தூக்கிப் போடுறது தர்மம்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. ஆட்டு ஈரல்லயும் நுரையீரல்லயும் சில சமயம் தண்ணி கோத்த கட்டி இருக்கும். அதைப் பச்சையாத் தின்ன நாய் குடல்ல ஒரு நாடாப்புழு வளரும். அதோட முட்டை நாய் மலத்துல வெளியே வந்து, மண்ணு, கை, சாப்பாடு வழியா மனுஷ உடம்புக்குள்ள போய், அதே மாதிரிக் கட்டியா நம்ம ஈரல்ல உக்காந்துக்கும். அறுவை சிகிச்சை வரைக்கும் கொண்டுபோய் விடுற நோய் அது. கட்டி இருக்குற துண்டை ஆழமாப் புதைக்கணும், மத்ததை நல்லா வேகவச்சு, உப்பு, மசாலா இல்லாம, குருணைச் சோத்தோட கலந்து போடணும். வேகவச்ச எலும்பு வேண்டாம், ஊசியா உடைஞ்சு குடலைக் கிழிக்கும். பக்ரீத் சமயத்துல கறிக்கடைக்காரங்களும் ஜமாஅத் பெரியவங்களும் முன்கூட்டியே பேசி, ஒரு குழியும் ஒரு அண்டாவும் ஏற்பாடு பண்ணிட்டா, அந்த வாரம் தெருவுல நாய்ச் சண்டையும் குறையும். நாய்க்குக் குடற்புழு மருந்தும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை கொடுக்கணும். மாத்திரை விலை ரொம்ப இல்லை. உன் நாய்க்கு வாங்கும்போது தெருநாய்க்கும் ஒண்ணு சேர்த்து வாங்கு. எடைக்குத் தக்கபடி எவ்வளவுன்னு மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுக்கோ.

தண்ணித் தொட்டியும் அப்படித்தான். சித்திரை வெயில்ல கண்மாய் வறண்டு வெடிச்சுக் கிடக்கும்போது, சிமெண்டுத் தொட்டி ஒண்ணு நாய்க்கும் சந்தைக்கு வர்ற ஆட்டுக்கும் உயிர்த்தண்ணி. ஆனா வச்சுட்டுப் போயிடாதே. வாரத்துக்கு ரெண்டு தடவை கவுத்துத் தேய்க்கலைன்னா டெங்குக் கொசு வளர்த்த மாதிரி ஆயிரும்.

சீமைக்கருவேல முள்ளு குத்திப் புழு வச்ச புண் நம்ம பக்கம் சகஜம். அந்துருண்டையைப் பொடிச்சு வைக்கிறது, மண்ணெண்ணெய் ஊத்துறது ரெண்டும் கூடாது. அந்துருண்டை விஷம், மண்ணெண்ணெய் சதையை வேகவைக்கும். பூனைக்குக் காய்ச்சல்னு பாராசிட்டமால் கொடுத்தா ஒரு மாத்திரையே கொன்னுரும். டாக்டருக்கு ஒரு போன். இல்லைன்னா 1962க்கு அடிச்சா கால்நடை மருத்துவ வண்டியைப் பத்திச் சொல்லுவாங்க.

டாக்டர் தம்பிக்கு

உங்க நாள் எப்படிப் போகுதுன்னு தெரியும் தம்பி. சினை ஊசி, கோமாரித் தடுப்பூசி, ஆட்டுக்கொல்லி நோய் ஊசி, பிரசவம் பார்க்க நடுராத்திரிப் போன். அதுக்கு நடுவுல தெருநாயைத் தூக்கிட்டு வந்து நிக்குறாங்க. எல்லாத்தையும் ஓசியில பாருங்கன்னு நான் சொல்ல வரலை. ஓசியில பார்க்குற டாக்டர் ஆறு மாசத்துல சலிச்சுப்போயிருவார், அப்புறம் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

நீங்க தனியா கிளினிக் வச்சிருந்தா, வாரத்துல ஒரு மதியத்தை இவங்களுக்குன்னு ஒதுக்குங்க. தெருநாய்க்கு இவ்வளவுன்னு குறைச்ச கட்டணத்தை எழுதி ஒட்டிருங்க. ஆளுக்கொரு சலுகைன்னு போனா சண்டை வரும். பில் 380 வந்தா ‘400 கொடுங்க, மிச்சம் தெருநாய்க் கணக்கு’ன்னு கேட்டா பாதிப்பேர் மறுக்க மாட்டாங்க. அந்தக் கணக்கை மாசாமாசம் எழுதிச் சுவத்துல ஒட்டணும். அரசு மருந்தகத்துல இருக்குறவங்க இந்தப் பண விஷயத்துல இறங்காதீங்க, வீண் வம்பு. உங்களுக்கு வேற வேலை இருக்கு: பசங்களை ஒரு ஞாயித்துக்கிழமை உக்கார வச்சு, துணி நாடாவால வாயைக் கட்டுறது, முதுகெலும்பு அடிபட்டதைப் பலகையில வச்சுத் தூக்குறது, புண்ணைக் கழுவுறது, எதைத் தொடவே கூடாதுங்கிறது, இவ்வளவையும் சொல்லிக் கொடுங்க. அவங்க தப்பாத் தூக்கி உங்ககிட்ட கொண்டு வர்ற கேஸ் குறையும், உங்களுக்கும் லாபம்.

கருத்தடை ஆபரேஷன்ல கை பழகணும்னா, ஊட்டியில வேர்ல்டுவைடு வெட்டர்னரி சர்வீஸ் நடத்துற மையத்துல கால்நடை மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுக்குறாங்க. கையில பழக்கம் வந்தா சின்னத் தழும்பு, சீக்கிரம் ஆறும்.

தங்கச்சி, இங்க உனக்கும் ஒரு வேலை. ஆபரேஷனை விடக் கஷ்டம், அதுக்கப்புறம் நாலஞ்சு நாள் நாயை வச்சுப் பார்த்துக்க இடம். மாடு வித்துக் காலியாக் கிடக்குற தொழுவம் எத்தனை வீட்டுல இருக்கு! கூட்டிப் பெருக்கி, கதவு போட்டு, ‘அஞ்சு நாளைக்கு எங்க தொழுவத்துல விடுங்க’ன்னு சொல்லு. பத்தாயிரம் ரூபாய் கொடுத்தவங்களை விட உன்னைத்தான் அந்தப் பசங்க ஞாபகம் வச்சுக்குவாங்க.

இப்போ காசு

ஒரே தடவையா அஞ்சாயிரம் கொடுக்குறதை விட மாசம் நூறு கொடு. மருந்துக்கடைப் பாக்கியை நம்பி ஓடுறவங்களுக்கு அடுத்த மாசமும் வரும்ங்கிற நிச்சயம்தான் பெருசு. ரத்தம் வடியுற நாய் வீடியோவைப் போட்டு ‘அவசரம்’னு கேட்டா, எந்த டாக்டர் பார்க்குறார்னு கேளு. டாக்டருக்கு போன் பண்ணி விசாரிச்சுட்டு, கிளினிக் கணக்குக்கே கட்டு. நெசமா அலையுறவங்க இதுக்குக் கோவிச்சுக்க மாட்டாங்க.

பெரிய அமைப்புக்குக் கொடுத்தா ரசீது வாங்கு. நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை பழைய வரி முறையில இருக்குறவங்களுக்குத்தான், ரொக்கமா 2,000 ரூபாய்க்கு மேல கொடுத்தா அதுவும் கிடையாது. நம்ம பசங்களும் பதிவு பண்ணிக்கலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தாப் போதும். கைவிடப்பட்ட பிராணிகளைப் பார்த்துக்குற தொண்டு நிறுவனங்களுக்காக வள்ளலார் பல்லுயிர் காப்பகங்கள்னு 2022-23 பட்ஜெட்டுல அரசு 20 கோடி ஒதுக்குச்சு. இந்த மாதிரித் திட்டம் வரும்போது பேரும் பதிவும் இல்லாதவங்க கேட்க முடியாது.

தெருநாய்க்குக் கருத்தடை பண்ண வேண்டிய பொறுப்பு 2023 விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள்படி உள்ளாட்சி அமைப்போடது. சோறு போடத் தனி இடம் ஒதுக்கணும், கண்ட தெருவுல போடக்கூடாதுன்னு 2025 ஆகஸ்ட் 22ல உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கு. ப்ளூ கிராஸ் 1964லயே கருத்தடை ஆரம்பிச்சும், சென்னை மாநகராட்சி அதை ஏத்துக்க 1996 ஆச்சு. அதுக்காக நாமளும் 32 வருஷம் காத்திருக்க வேண்டாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆறு நாளும் கிராம சபை. அங்க கொடுக்குற மனுவுல நாய் பிடிக்காதவங்களையும் கையெழுத்துப் போடச் சொல்லு. தொல்லை குறையணும்னு அவங்களுக்கும் ஆசைதான். கருத்தடை, ஊசி முகாம், சோறு போட ஒரு இடம், கறிக்கழிவுக்கு ஒரு குழி, இந்த நாலையும் தீர்மானமாப் போடணும்னு மனு எழுதி, ரெண்டு நகல் எடு. ஒண்ணைக் கொடுத்துட்டு, இன்னொண்ணுல பஞ்சாயத்து முத்திரை வாங்காம வீட்டுக்கு வராதே.