ஜலம் ஆவியாதலும் நிலத்தில் உப்புத் தங்குதலும்

உஷ்ணத்தினால் ஜலம் ஆவியாகுங்கால் அதிற் கரைந்துள்ள உப்பு உடன் செல்வதில்லை. பாலாற்றங்கரைக் கிணறுகளைக் கொண்டு பாசனம் செய்யும் வேலூர், ஆம்பூர்க் குடியானவர்கள் இதனைக் கவனிப்பது அவசியம். தோல் அழுகாதிருக்க இடப்படும் உப்பு, ஊறவைத்துக் கழுவும் ஜலத்துடன் வெளியேறி, இப்பகுதிக் கிணறுகள் பலவற்றை உவராக்கியது. அசுத்தப்படுத்தியவரே நஷ்டஈடு கொடுக்கவேண்டுமெனச் சுப்ரீம் கோர்ட்டார் 1996-ம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பளித்தனர்.

கழிவு ஜலத்தைக் காய்ச்சி உப்பைப் பிரிக்கும் முறை இப்போது உண்டாயினும் செலவு மிகுதி. கொதிக்கும் ஜலம் 1 கிராம் ஆவியாகச் சுமார் 540 காலரி உஷ்ணம் வேண்டும். ஆகவே, பாத்திரத்தினுள் அழுத்தத்தைக் குறைத்து, 100 டிகிரிக்குக் கீழேயே கொதிக்கச் செய்து, ஒரு பாத்திரத்தின் ஆவியைக் கொண்டே அடுத்ததைக் காய்ச்சுவர்.

வயலில் வெயில் இவ்வேலையை இனாமாகச் செய்கின்றது. உப்பை அள்ளுவார்தாம் இல்லை. லிட்டருக்கு 2 கிராம் உப்புள்ள ஜலத்தை ஓர் ஏக்கராவுக்கு 1 அங்குல உயரம் பாய்ச்சினால் சுமார் 200 கிலோ உப்பு சேரும். பயிர் உறிஞ்சும் ஜலமும் இலை வழியே ஆவியாய்ப் போக, உப்பு வேரடியில் தங்கும். நிலத்தின்மேல் சருகு பரப்பினால் ஆவியாதல் குறையும். தங்கிய உப்பு போகாது. அதற்கு மழைக்காலத்தில் வரப்பை உயர்த்தி மழை ஜலத்தைத் தேக்கி, உப்பைக் கரைத்து, வடிகால் வழியே வெளியேற்றவேண்டும். வடிகாலின்றித் தேக்குவது வீண். கோடையிற் கிணற்று ஜலத்தை மாதிரி எடுத்து மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பிய பின்னரே அடுத்த போகத்துக்குப் பயிரைத் தீர்மானிப்பது உசிதம்.