படப்புள்ளியும் அச்சளவும்

நிழற்படம் எடுத்தல் முற்காலத்துச் சிலர்க்கே உரிய கலையாயிருந்தது. இந்நாளிலோ கைப்பேசியுடையார் அனைவர்க்கும் அஃது எளிதாயிற்று. ஆயினும், எடுத்த படத்தை எவ்வளவு பெரிதாக அச்சிடலாம் என்னும் வினாவிற்குத் தக்க விடை கூறவல்லார் மிகச் சிலரே. சிறு திரையில் அழகுறத் தோன்றும் படம் காகிதத்தில் மங்கிப்போவது ஏன் என்பதனை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

எண்முறைக் காமிராவினுள் ஒளியை உணரும் தகடு ஒன்றுண்டு. அது நுண்ணிய கட்டங்களாக வகுக்கப்பெற்றது. ஒவ்வொரு கட்டமும் தன்மேல் விழும் ஒளியின் அளவை எண்ணாகக் குறிக்கின்றது. இவ்வாறு பெறப்படும் படத்தின் நுண்கூறே பிக்ஸல் என்னும் படப்புள்ளி. பத்து இலட்சம் புள்ளிகள் கூடியது ஒரு மெகாபிக்ஸல். 1975-ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாஸன் என்பார் அமைத்த எண்முறைக் காமிரா, அகலத்தில் 100, உயரத்தில் 100, ஆக 10,000 புள்ளிகளையே பதிவு செய்தது. இந்நாளில் 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகளைப் பதியும் காமிராக்கள் சாதாரணமாகிவிட்டன.

இனி, அச்சளவைக் காண்போம். கையிற் பிடித்து நோக்கும் படத்திற்கு ஓர் அங்குல நீளத்தில் 300 புள்ளிகள் வேண்டும் என்பது அச்சுத்தொழிலில் வழங்கும் அளவு. இவ்வெண் எங்ஙனம் வந்தது எனின், நம் கண்ணின் ஆற்றலையொட்டி வந்தது என்க. குறையற்ற கண், ஒரு பாகையை அறுபது கூறிட்டதில் ஒரு கூறளவேனும் விலகிய புள்ளிகளையே வேறுபிரித்துக் காணும். பத்து அங்குலத் தொலைவில் அவ்விலக்கம் ஏறத்தாழ அங்குலத்தின் 340-இல் ஒரு பங்காகும். ஆதலின் அதனை நெருங்கிய 300 என்னும் அளவில் புள்ளிகள் தனித்துத் தோன்றாது கலந்து தோன்றுகின்றன.

கணக்கு மிக எளிது. புள்ளிகளின் எண்ணை 300-ஆல் வகுத்தால் அங்குலம் கிடைக்கும். அகலத்தில் 6000, உயரத்தில் 4000 புள்ளிகளுள்ள படத்தை 20 அங்குல அகலமும் 13 அங்குல உயரமுமாக அச்சிடலாம். மெகாபிக்ஸல் இரட்டித்தால் அச்சின் நீளமும் இரட்டிக்கும் என்று கருதுதல் பிழை. நீளம், அகலம் இரண்டும் இரட்டிக்க வேண்டுமாயின் புள்ளிகள் நான்மடங்காதல் வேண்டும்.

அங்ஙனமாயின் பெரும் படங்கள் அமைவது எவ்வாறு? தொலைவே விடை. நியூயார்க் நகரின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தில், 1950 முதல் 1990 வரை, 18 அடி உயரமும் 60 அடி நீளமுமுள்ள வண்ணப்படங்களைக் கோடாக் நிறுவனம் காட்சிக்கு வைத்திருந்தது. அவற்றைக் கண்டோர் கையிற் பிடித்துக் கண்டாரல்லர். பத்தடி தொலைவில் நிற்பார்க்கு அங்குலத்திற்கு ஏறத்தாழ 30 புள்ளிகளே போதும்.

ஆனால் புள்ளிகள் மிக்கிருத்தல் மட்டும் நற்படம் ஆகாது. கை நடுங்கினும், வில்லை தெளிவற்றதாயினும், ஒளி குறைந்து படத்தில் மணல் தூவியது போன்ற கறைகள் தோன்றினும், ஒவ்வொரு புள்ளியும் பொய்யே உரைக்கும். படத்தைச் சுருக்கிச் சேமிக்குங்கால் நுண்கூறுகள் அழிவதுமுண்டு. கணிப்பொறி புள்ளிகளைப் பெருக்கித் தருமெனினும், அஃது ஊகமேயன்றிக் காமிரா கண்டதன்று.

இதன் பயனை யாம் வருந்திக் கற்றோம். எங்கள் ஆய்வுக்கூடத்தில் பல்லாண்டு பணியாற்றிய ஊழியர் ஒருவர் மறைந்தபோது, அவர் படத்தைச் சுவரில் வைக்க விரும்பினோம். தனிப்படம் எவரிடமும் கிடைத்திலது. குழுப்படம் ஒன்றில் வரிசையின் கடைக்கோடியில் அவர் நின்றிருந்தார். அதன் மூலப்படத்தை அனைவரும் அழித்துவிட்டனர். கைப்பேசிச் செய்தியில் வந்த பிரதி மட்டும் எஞ்சியது. அதன் அகலம் 1600 புள்ளிகள். வரிசைக்கு இருபதின்மர் ஆதலின் ஒருவர்க்கு 80. அதில் முகத்திற்கு மூன்றிலொரு பங்கு, ஏறத்தாழ 27 புள்ளிகள். போதாக்குறைக்கு, படத்தின் ஓரங்களில் வில்லையின் தெளிவு குறைவது இயல்பு. எட்டு அங்குலமாக்கிய முகம் வெறுங் கட்டங்களாயிற்று. ஈற்றில் அக்குழுப்படத்தையே 5 அங்குல அகலத்தில் அச்சிட்டு வைத்தோம். அதில் அவரை அறிந்தார் அறிவர். அறியாதார்க்கு அவர் ஒரு நிழலே. மூலப்படம் 6000 புள்ளி அகலமுடையதாய் எஞ்சியிருப்பின், அம்முகத்திற்கு நூறு புள்ளிகளேனும் கிடைத்திருக்கும்.

ஆதலின், மாணவ நண்பர்காள், குழுப்படம் எடுக்குங்கால் கூட்டம் பெரிதாயின் இரண்டாகப் பிரித்து அருகில் நின்று எடுமின். காமிராவை முக்காலியில் நிறுத்துமின். சுருங்கிய பிரதியோடு அமையாது மூலப்படத்தைப் பேணுமின். கடைக்கோடியில் நிற்பாரையும் ஒருமுறை தனியே எடுத்து வைமின். எடுக்குங்கால் பதியாத முகத்தைப் பின்னர் எக்கருவியும் மீட்டுத் தாராது.