அண்ணனின் மிதிவண்டி எனக்கு ஏற்றதான கதை

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு

மிதிவண்டி ஓட்டத் தெரியுமா என்று நம் வகுப்பில் கேட்டால் பல கைகள் உயரும். இன்று மிதிவண்டியில்தான் வந்தாயா என்று கேட்டால் பெரும்பாலான கைகள் இறங்கிவிடும். காரணம் கேட்டால், "முழங்கால் வலி", "இடுப்பு வலி", "கை மரத்துப் போகிறது" என்பார்கள். சென்ற ஆண்டு நானும் அப்படிக் கையை இறக்க இருந்தவள்தான்.

என் வீடு சடையங்குப்பத்தில். பேருந்துக்குக் காத்து நின்றால் முதல் மணி அடித்துவிடும். ஷேர் ஆட்டோவுக்குத் தினமும் கொடுக்க வீட்டில் வசதியில்லை. அண்ணன் வேலைக்குச் சேர்ந்ததும் அவன் ஓட்டிய 'ஹைப்ரிட்' மிதிவண்டி எனக்கு வந்தது. மரபியல் பாடத்தில் கலப்பினம் என்று படிக்கிறோமே, அதே பொருள்தான். பந்தய வண்டியின் பெரிய சக்கரமும் மலையேறும் வண்டியின் நேரான கைப்பிடியும் சேர்ந்தது. டயர் இரண்டுக்கும் நடுத்தரமான அகலம். பார்க்க அழகு. ஆனால் இரண்டே மாதத்தில் என் முழங்கால் முன்புறம் வலிக்கத் தொடங்கியது. "பொம்பளைப் பிள்ளைக்கு இந்த வண்டி ஒத்துவராது, விட்டுடு" என்றார் அம்மா.

ஆண்களுக்கென்று வாங்கிய வண்டியைப் பெண்கள் ஓட்டுவது புதிதா என்ன? 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி கற்றனர். பெண்கள் வண்டிக்குத் தட்டுப்பாடு வந்ததும் ஆண்கள் வண்டியிலேயே ஏறிவிட்டனர். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டாம்! ஆகவே குற்றம் வண்டியிலும் இல்லை, என்னிலும் இல்லை, அளவில்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் பக்கத்துச் சைக்கிள் கடைத் தாத்தாவிடம் உருட்டிச் சென்றேன். அவர் முழங்காலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "சீட்டை யாரு பாப்பா இவ்ளோ எறக்குனது?" என்றார்.

இறக்கியது அம்மா சொல்லித்தான். நிற்கும்போது இரண்டு காலும் தரையைத் தொட வேண்டும் என்பது அவர் கட்டளை. ஆனால் இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்கால் அதிகமாக மடங்கிய நிலையிலேயே அழுத்த வேண்டியிருக்கிறது. அப்போது முழங்கால் சில்லின் மேல் விழும் அழுத்தம் கூடுகிறது. வலி அங்கேதான் பிறக்கிறது.

சரியான உயரத்தைக் காண எளிய வழி உண்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு இருக்கையில் அமர்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து அதை அடிவரை தள்ளுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் இலேசாக மட்டும் மடங்கும். அமெரிக்கப் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் பரப்பிய கணக்கு ஒன்றும் இருக்கிறது. காலின் உட்புற உயரத்தை 0.883ஆல் பெருக்கினால், பெடல் கைகள் சுழலும் கிராங்க் அச்சின் நடுவிலிருந்து இருக்கை வரை இருக்க வேண்டிய உயரம் கிடைக்கும். என் கால் 72 செ.மீ.; விடை 63.6 செ.மீ. அது பந்தயக்காரர்களுக்கு. குதிகால் முறையில் எனக்கு 60 செ.மீ.தான் வந்தது. நான் அதையே எடுத்துக்கொண்டேன். முன்பு இருந்ததோ 51!

ஒன்பது செ.மீ.யை ஒரே நாளில் ஏற்றியிருந்தால் நான் விழுந்திருப்பேன். எங்கள் சாலையில் கன்டெய்னர் லாரிகள் உரசிச் செல்லும். அம்மாவின் பயம் வீண் பயம் அல்ல. எனவே வாரம் ஒரு செ.மீ. வீதம் ஏற்றினோம். அதோடு நிற்கும் முறையையும் மாற்றிக்கொண்டேன். பிரேக்கைப் பிடித்து, இருக்கையை விட்டு முன்னே இறங்கி, ஒரு காலைத் தரையில் ஊன்ற வேண்டும். இந்த வண்டியில் குறுக்குக் கம்பி சாய்வாக இருப்பதால் இது எளிது. தெருவில் நான் இருபது முறை நின்று காட்டிய பிறகே அம்மா பெருஞ்சாலைக்கு விட்டார். ஒரு எச்சரிக்கை: சீட் பில்லரில் ஒரு கோடு பொறித்திருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும்படி ஏற்றவே கூடாது.

அடுத்தது கை. என் சுண்டுவிரலும் மோதிர விரலும் மட்டும் மரத்துப் போகும். உள்ளங்கையின் ஓரத்தில் அந்த விரல்களுக்குச் செல்லும் நரம்பு இருக்கிறது. உடல் முன்னே சாய்ந்து எடை அங்கே அழுந்தினால் இப்படி ஆகும். அண்ணன் வேகத்துக்காகக் கைப்பிடியைத் தாழ்த்தி வைத்திருந்தான். கைப்பிடித் தண்டின் மேலே இருந்த இரண்டு வளையங்களைத் தாத்தா கழற்றிக் கீழே மாட்டினார். அவ்வளவுதான், கைப்பிடி 2 செ.மீ. உயர்ந்தது. இதை நாமே செய்ய முயலக் கூடாது. திருகுகளை முறைப்படி இறுக்காவிட்டால் முன்சக்கரம் ஆடும்.

இருக்கையின் அகலத்தை அளந்த விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். மளிகைக் கடை அட்டைப்பெட்டியைத் தரையில் வைத்து அதன்மேல் உட்கார்ந்து எழுந்தேன். இரண்டு குழிகள் விழுந்தன. அவை உட்காரும் எலும்புகளின் தடங்கள். நடுவுக்கு நடு 13 செ.மீ. அண்ணனின் ஒடுங்கிய இருக்கையில் அந்த எலும்புகள் விளிம்புக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தன! கடையில் கிடந்த பழைய அகல இருக்கை ஒன்றைத் தாத்தா மலிவாகக் கொடுத்தார்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல் போல அடிப்பதுதான் நல்லது என்று நினைத்திருந்தேன். என் டயரின் பக்கவாட்டில் 50 முதல் 75 பவுண்டு வரை என்று அச்சிட்டிருக்கிறது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது என்று படித்தோமே, அதை இங்கே போட்டுப் பாருங்கள். பின்சக்கரத்தில் 39 கிலோ எடை விழுவதாகக் கொண்டால், 75 பவுண்டில் சுமார் 7.4 சதுர செ.மீ. பரப்பே தரையில் படியும். 50 பவுண்டில் 11 சதுர செ.மீ. படியும். டயர் அமுங்கிக் கொடுப்பதால் குழியின் அதிர்ச்சி முதுகுக்கு வருமுன்பே குறைகிறது. நான் 55 வைத்துக்கொள்கிறேன்.

ஹைப்ரிட் வண்டியில் பெரும்பாலும் கேரியரும் செயின் மூடியும் இருப்பதில்லை. புத்தகப் பையை முதுகில் சுமந்தால் அந்த எடையும் இருக்கையில்தான் இறங்கும், ஆகவே கேரியர் போட்டேன். செயின் மூடி கிடைக்கவில்லை. சுடிதார் காலைத் துணி கிளிப்பால் கவ்விக்கொள்கிறேன், தோழியர் கேலி செய்தாலும்!

இப்போது முழங்கால் வலி இல்லை. அடுத்த ஆண்டு பதினோராம் வகுப்பில் அரசின் விலையில்லா மிதிவண்டி கிடைக்கும். 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கி, பின்னர் எல்லோருக்கும் விரிந்த திட்டம் அது. நெட்டையோ குட்டையோ, மாணவியர் எல்லோருக்கும் வருவது ஒரே மாதிரி வண்டிதான். என் அளவுகளைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அது வந்ததும் ஹைப்ரிட் தனக்குத்தான் என்று தங்கை இப்போதே சொல்லிக்கொண்டு திரிகிறாள். நேற்று அவளைச் சுவரோரம் ஏற்றிப் பார்த்தோம். பில்லரை அடிவரை இறக்கியும் அவள் குதிகால் பெடலை எட்டவில்லை. இன்னும் மூன்று விரற்கடை வளர வேண்டும்.